ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இன்வென்ஷன்களில் (இரண்டு கையும் தனித்தனி மெட்டு வாசிக்கும் சின்ன கீபோர்டு துண்டுகள்) நோட் சரியாக வருகிறது, இசையாக வரவில்லை. பொறுமையாகப் பயிற்சி செய்தால் போதுமா?

டைப் அடிப்பதுபோல இருக்கிறது என்று டீச்சர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் மாணவன்தான், அதனால் அந்த வலி புரிகிறது. ஆனால் இன்னும் நூறு தடவை வாசித்தால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், டைப் அடிக்கும் வேகம்தான் கூடும்.

சி மேஜரில் உள்ள முதல் இன்வென்ஷனையே எடுத்துக்கொள்வோம். மொத்தமே 22 பார் (தாளக் கட்டம்). வலது கை ஒரு சின்ன ரெஸ்ட் (இடைவெளி) விட்டு சி-டி-இ-எஃப்-டி-இ-சி-ஜி என்று தொடங்கும், அரை பார் கழித்து இடது கை அதையே ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே வாங்கிக்கொள்ளும். அந்த இடத்தில் நம் காது பெரும்பாலும் மேலேயே நின்றுவிடுகிறது, கீழே ஒருவர் பேச ஆரம்பித்ததையே கவனிப்பதில்லை. அதனால் இடது கையை மட்டும் வாசித்துக்கொண்டு வலது கை வரியை வாயால் பாடுங்கள், அப்புறம் மாற்றிச் செய்யுங்கள். குரல் கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை. பாடும்போது எங்கே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே விரலையும் லேசாக எடுங்கள், ஃப்ரேஸிங் (வரியைப் பேச்சுபோலப் பிரித்து வாசிப்பது) பாதி அங்கேயே வந்துவிடும். ஒரு நாளைக்கு நாலு பார் போதும். மூன்றாவது பாரில் அந்த மெட்டு வலது கையில் தலைகீழாகத் திரும்பி வரும், இடது கையில் அதன் முதல் நாலு நோட்டின் வடிவம் பாதி வேகத்தில் போகும். இது காதில் விழுந்தபிறகு இடது கையை வெறும் துணையாக நினைத்து வாசிக்க மனசே வராது.

இந்தத் தொகுப்புக்கு 1723இல் எழுதிய முகப்புப் பக்கத்தில் பாக்கே, இரண்டு குரல்களையும் (இரண்டு கைகளின் மெட்டுகளையும்) தெளிவாக வாசிப்பதோடு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல வாசிக்கப் பழக வேண்டும் என்கிறார்.

இன்னொன்று, பாக் காலத்துக் கீபோர்டான ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் கூடாது. விரலை எப்போது எடுக்கிறோம், நோட்டை எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பதில்தான் அங்கே உணர்ச்சியெல்லாம். பியானோவிலும் முதலில் நோட்டை நீட்டிப் பிடிக்கும் சஸ்டெயின் பெடலைத் தொடாமல், செமிகுவேவர்களை (கால் பீட் நோட்டுகள்) சேர்த்தும் குவேவர்களை (அரை பீட் நோட்டுகள்) கொஞ்சம் பிரித்தும் வாசித்துப் பாருங்கள். பழைய பதிப்புகளில் இருக்கும் ஃபோர்ட்டே (சத்தமாக), பியானோ (சத்தம் குறைவாக) என்ற குறிகள் பிற்பாடு மற்றவர்கள் போட்டவை, அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

மெட்ரோனோம் (டிக் டிக் என்று தாளம் காட்டும் கருவி)? டெம்போ ஆடுகிறதா என்று பார்க்க மட்டும், சரியா. இதுவே சலித்துவிட்டால் டி மைனரில் உள்ள 4ஆவதுக்குப் போங்கள், 15ஐயும் வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. என்ன, அதில் கைக்கொரு நீண்ட டிரில் (பக்கத்துப் பக்கத்து நோட் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) இருக்கிறது, இடது கை கொஞ்சம் அழவைக்கும்.