பீச் கிரம்பிளில் சாறு நீர்த்துப்போவது குறித்து

வணக்கம். வெண்ணெய்க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் சேர்த்துச் செய்த பீச் கிரம்பிளில் (பீச் பழத்துண்டுகளின் மேல் உதிரியான மாவைத் தூவிச் சுடும் இனிப்பு) மேல்மாவு நமுத்துப்போவதாகவும், அடியில் சாறு தண்ணீராகவே நிற்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும் என்பதால், கோடையில் அது மாவோடு உதிரியாகப் பிசிறி நிற்காமல் உள்ளே ஊறிவிடுகிறது. ஆகவே எண்ணெயைக் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்து, விரல் நுனிகளால் விரைவாகப் பிசிறி, சுடும்வரை அந்தக் கலவையையும் குளிரிலேயே வைத்திருங்கள். சாற்றைக் கெட்டியாக்க, அரை கிலோ பழத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கார்ன்ஃப்ளார் (சோள மாவுச்சத்து) போதும், பழம் மிகவும் கனிந்திருந்தால் சற்றுக் கூட்டலாம். பெரும்பாலும் தவறு நேர்வது அடுத்த கட்டத்தில்தான்: 180 டிகிரியில் சுடும்போது மேற்பகுதி சிவந்ததும் எடுத்துவிடாமல், ஓரங்களில் மட்டுமன்றி நடுவிலும் சாறு கெட்டியான குமிழிகளாகக் கொதிக்கும்வரை பொறுத்திருங்கள், அப்போதுதான் மாவுச்சத்து வெந்து சாற்றைப் பிடித்துக்கொள்ளும். சூட்டில் சாறு இளகியே இருக்குமாதலால், நன்கு ஆறிய பிறகே பரிமாறுங்கள்.