சுழற்சியும் சுற்றுகையும்: பருவமே மாறாத சிங்கப்பூரில் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

பையன் சுழற்சியையும் சுற்றுகையையும் மாற்றி மாற்றிச் சொல்கிறான், வெயிலும் மழையும் மட்டுமே உள்ள ஊரில் இதை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தண்ணீர் பாட்டில் போதும்.

முதலில் சொல். பம்பரம் ஆணியில் சுழல்கிறது. கோயிலை நாம் சுற்றுகிறோம். பூமி தன் அச்சில் சுழல்வது சுழற்சி, அதனால் இரவு பகல். சூரியனைச் சுற்றி வருவது சுற்றுகை, அதற்கு ஏறத்தாழ 365¼ நாள். வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் 'சுத்துது' என்றே சொல்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கூடவே, நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு, சூரியக் குடும்பத்தின் கோள்கள் எட்டில் அவை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

இனி பாட்டில். பக்கம் நேராக உள்ள, 25 செ.மீ. உயர பாட்டிலை மார்ச் 23 அல்லது 24 அன்று உங்கள் அடுக்குமாடி புளோக் அருகே திறந்த சமதரையில் வையுங்கள். பகல் 1.11 மணியளவில் அதன் நிழல் அடிப்பாகத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும். செப்டம்பர் 19ஐ ஒட்டி, 12.58 மணியளவில் மறுபடியும் இது நடக்கும். பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் சம இரவு நாளில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும். நாம் அதற்கு 1.3 பாகை வடக்கே இருப்பதால்தான் மார்ச்சில் சம இரவு நாளுக்கு மூன்று நாள் பின்னும், செப்டம்பரில் மூன்று நாள் முன்னும் இது நடக்கிறது.

பலரும் தவறவிடுவது நேரத்தில்தான். சரியாக 12 மணிக்கு இறங்கிப் போனால், மார்ச்சில் நிழல் மேற்கே 8 செ.மீ. நீண்டு கிடக்கும், பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். நம் கடிகாரம் 1982 முதல் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. நாம் இருப்பதோ 103.8 பாகையில். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். இடையே உள்ள 16 பாகைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். சுழற்சியை இதைவிடக் கண்கூடாகக் காட்ட முடியாது. மேகம் மறைத்தால் மறுநாள் பாருங்கள், வித்தியாசம் 2 மில்லிமீட்டருக்குள்தான். தரை சரிவாக இருந்தால்தான் கணக்கே கெடும். சூரியனை நேராகப் பார்க்க விடாதீர்கள், நிழலை மட்டும் பார்க்கட்டும்.

சுற்றுகைக்கு அதே பாட்டிலை ஜூன் 21 அன்று 1.06 மணிக்கு வையுங்கள். நிழல் தெற்கே 10 செ.மீ. விழும், சூரியன் கடக ரேகைக்கு மேலே போயிருக்கும். டிசம்பர் 21 அல்லது 22 அன்று மகர ரேகைக்கு மேலே. நிழல் வடக்கே கிட்டத்தட்ட 11½ செ.மீ. சாய்ந்த அச்சோடு பூமி சூரியனைச் சுற்றி வருவதே நிழல் இப்படி மாறவும் பருவங்கள் வரவும் காரணம் (சாய்வு 23.4 பாகை), சூரியனிலிருந்து உள்ள தூரம் அல்ல. பூமி சூரியனுக்கு மிக அருகே வருவது ஜனவரி தொடக்கத்தில், 14.7 கோடி கி.மீ.; ஐரோப்பாவில் அப்போது கடுங்குளிர்.

மூன்று நிழல்களின் நுனியையும் ஒரே இடத்தில் சாக்பீஸால் குறித்தால் மழை அழித்துவிடும். ஓர் அட்டையில் வடக்கைக் குறித்து, அதன்மேல் பாட்டிலை வைத்துக் கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.