தம்பிக்குக் காட்டாத கொப்பி

கேள்வி: கொட்டாஞ்சேனையில் அப்பா தொடங்கிய பட்டறையில் நானும் தம்பியும் இடியப்ப மா வறுக்கும் மெஷின் செய்கிறோம். ஆமர் வீதியில் ஒருவர் அதில் ஒன்றை வாங்கிக் கழற்றிப் பார்த்து, அதேபோலச் செய்து மலிவாக விற்கிறார். காலமான அப்பாவின் அளவுக் கொப்பி என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, தம்பிக்குக்கூடக் காட்டவில்லை. எட்டு மாதத்துக்கு முன் தம்பி மாவைக் கிளறும் துடுப்பை மாற்றியதில் மா கருகுவது நின்றது, அப்படி இரண்டு மெஷின் விற்றோம். என் பெயரில் பேட்டன்ட் எடுத்து அவரைத் தடுக்கலாமா?

பதில்: அந்தக் கொப்பியைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். சூட்டில் நின்று வேலை செய்கிறவன் தம்பி. ட்ரம் ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது, எந்த வேகத்துக்கு மேல் சுற்றினால் மா அடிப்பிடிக்கும் என்றெல்லாம் அப்பா யாருக்காக எழுதி வைத்தார்? அந்நியன் ஒருவன் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டதைக் கூடப்பிறந்தவன் கற்க விடாமல் பூட்டி வைத்திருக்கிறீர்கள். பெரிய பிழை.

அப்பாவின் மெஷின் வருஷக்கணக்காக விற்ற பொருள், அதில் புதுமை இல்லை, ஆகவே 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி அதற்குப் பேட்டன்ட் கிடைக்காது. பேட்டன்ட் இல்லாத மெஷினை விலைக்கு வாங்கிக் கழற்றிப் பார்ப்பது திருட்டும் இல்லை. அப்புறம், பேட்டன்ட் கேட்பவர் தொழில் தெரிந்த ஒருவர் படித்துச் செய்யும் அளவுக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கு ஈடாகத்தான் 20 வருஷ உரிமை. தம்பிக்கு மறைத்ததை ஊருக்கே காட்டத் தயாராக இருக்கிறீர்களே!

வெளியிலிருந்து வரும் அறிவை எடுத்துப் பயன்படுத்த, அதோடு தொடர்புள்ள அறிவு நிறுவனத்துக்குள் முன்பே இருக்க வேண்டும் என்று 1990இல் கோஹன், லெவிந்தால் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். உலகப் புலமைச் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப் தளத்தில் பல நாட்டு பேட்டன்ட் ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, காலாவதியானவற்றை யாரும் பயன்படுத்தலாம். ஆனால் சொந்த மெஷினின் கணக்கே தெரியாதவன் அவற்றைப் படித்து என்ன செய்வான்?

அந்தத் துடுப்புக்கு மட்டும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அது தம்பியின் மூளை. அதை உங்கள் பெயரில் பதிய நினைத்ததுதான் எனக்குக் கோபம், அண்ணன் என்றால் தகப்பன் ஸ்தானம். விண்ணப்பத்துக்கு முந்தைய ஓர் ஆண்டுக்குள் நீங்களே வெளியிட்டது, விற்றது உட்பட, புதுமையைக் கெடுக்காது என்று சட்டம் இடம் தருகிறது, அதில் எட்டு மாதம் போய்விட்டது. இன்றைக்கே கொப்பியை அவன் கையில் கொடுங்கள். இந்தக் கிழமைக்குள் இருவரும் கொழும்பு 10இல் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்குப் போய், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதிக் கொடுங்கள்.