வயிறு வீங்கிய மீனுக்கு என்ன நோய்?

கேள்வி: 2 அடி தொட்டியில் நான்கு கோல்டு ஃபிஷ் வாங்கி விட்டு ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிறுதோறும் தண்ணீரை முழுக்க மாற்றி, கற்களையும் ஃபில்டர் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைப்போம். போன மாதம் ஒரு மீனுக்கு வயிறு உப்பி, செதிலெல்லாம் தூக்கிக்கொண்டது. கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினோம். ஐந்தாம் நாள் இறந்துவிட்டது. அடுத்த திங்கட்கிழமை காலையில், வீக்கம் எதுவும் இல்லாத இன்னொரு மீனும் செத்து மிதந்தது. முதல்நாள் இரவு அது மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. இது என்ன நோய்? மற்ற இரண்டும் பிழைக்குமா? என் மகன் தொட்டிக்குள் கையை விடுகிறான், அவனுக்கு ஒட்டுமா? (வாசகி, மதுரை)

பதில்: சகோதரி, சென்னை கொளத்தூரில் மொட்டை மாடித் தொட்டிகளில் இருபது வருடமாகக் குஞ்சு எடுக்கிறவன் நான். நீங்கள் கேட்ட கேள்விக்கான பதிலில் பாதி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

முதல் மீனுக்கு வந்ததை நாங்கள் ட்ராப்சி என்போம். மனிதர்களுக்கு வந்தால் மகோதரம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே மாதிரி வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது. ஆனால் அது ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறி. நன்னீர் மீனின் உடம்புக்குள் செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். சிறுநீரகம்தான் அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. அது பழுதானால் நீர் உள்ளே தேங்கி, செதில் சீத்தாப்பழத் தோல் மாதிரி தூக்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். பெரும்பாலும் ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. அது எல்லாத் தொட்டியிலும் எப்போதும் இருக்கும். மீன் நலிந்துபோனால்தான் உள்ளே புகும். உங்கள் மீன் ஏன் நலிந்தது என்பதுதான் கேள்வி.

மீன் கழிவில் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கற்களிலும்தான் குடியிருக்கின்றன. அவை வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஞாயிறுதோறும் அவற்றைக் கழுவி, வெயிலிலும் காயவைத்துவிட்டீர்கள். சுத்தமாக வைத்துக்கொள்ளத்தான் செய்தீர்கள், வருந்த வேண்டாம். ஆனால் சுமார் 50 லிட்டரில் நான்கு கோல்டு ஃபிஷ் விடும் கழிவுக்கு ஐந்து மாதமாகப் பாதுகாப்பே இல்லை. உங்கள் தண்ணீரின் பிஎச் (அமில, கார அளவு) 8க்கு மேல் இருந்தால் இன்னும் மோசம். பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் அம்மோனியாவின் நச்சுப் பங்கு ஏறக்குறைய பத்து மடங்கு. நீல மருந்து மெத்திலீன் ப்ளூவாகத்தான் இருக்கும். வயிற்றுக்குள் இருக்கும் கிருமியை அது தொடாது, மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் கெடுக்கும்.

இரண்டாவது மீன் செத்தது திங்கட்கிழமை காலையில். ஞாயிறு இரவே மூச்சுக்குத் தவித்திருக்கிறது. புதுத் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து போட்டதாக நீங்கள் எழுதவில்லை. என் முதல் சந்தேகம் குளோரின் செவுளைச் சுட்டுவிட்டது என்பதுதான்.

ஆனாலும் மீனைத் திறந்து பார்க்காமல் உறுதி சொல்லமாட்டேன். ஒருமுறை என்னிடம் ஒரு ஒராண்டாவுக்கு (கோல்டு ஃபிஷ்ஷில் ஒரு வகை) வயிறு ஒரு பக்கம் மட்டும் வீங்கியது. செதில் தூக்கவில்லை. பத்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தேன், செத்துப்போனது. அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டிகள், காற்றுப்பையை ஓரத்துக்குத் தள்ளியிருந்தன. எந்த மருந்தும் கேட்டிருக்காது. பத்து நாளும் அந்த மீனைத்தான் வதைத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அன்று முதல் காரணம் தெரியாமல் செத்த எந்த மீனையும் திறந்து பார்க்காமல் புதைப்பதில்லை.

நீங்களும் செய்யலாம். செத்தவுடனே எடுக்க வேண்டும். பல மணிநேரம் தண்ணீரில் கிடந்தால் அழுகிய வாயுவால் எந்த மீனுக்கும் வயிறு ஊதும், செவுளும் வெளுக்கும். உடனே பார்க்க முடியாவிட்டால் பையில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். கையுறை போட்டு, சின்னக் கத்தரியால் கழிவு வாயிலிருந்து செவுள் பக்கம் வெட்டுங்கள். நீர் கொட்டுகிறதா, முட்டை அடைத்திருக்கிறதா, ஈரலிலும் சிறுநீரகத்திலும் வெள்ளை முடிச்சுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகிக்கலாம். வெள்ளை முடிச்சு இருந்தால் மீன் காசநோயாக இருக்கலாம்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டதற்கும் இதுவே பதில். அந்த மீன் காசநோய்க் கிருமி காயத்தின் வழியே மனிதத் தோலிலும் புண் உண்டாக்கும். கையில் கீறல் இருந்தால் தொட்டிக்குள் விடக் கூடாது, மற்ற நாளும் சோப்புப் போட்டுக் கழுவட்டும். ஆறாத கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம் மீன் வளர்ப்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மிச்சமுள்ள இரண்டுக்கும் இரண்டு நாள் தீனி வேண்டாம். அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கிப் பாருங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். அதுவரை ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு தண்ணீர் மட்டும், குளோரின் நீக்கி, மாற்றுங்கள். ஸ்பாஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழிந்து மாட்டுங்கள். ஏர் பம்ப் இரவும் ஓடட்டும். வீக்கம் தெரிந்தால் தனித் தொட்டியில் 20 லிட்டருக்கு அரை தேக்கரண்டி எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட், சமையல் உப்பு அல்ல) கரைத்து விடலாம். செதில் தூக்கிய பிறகு பிழைப்பது அரிது, அதற்கு முன்பே கவனியுங்கள். புது மீன் இப்போது வாங்காதீர்கள்.

கேள்வி: தொட்டியில் ஆண் மீனே இல்லை. தனியாக இருக்கும் பெண் கப்பிக்கு வயிறு பெருத்துக்கொண்டே போகிறது. இதுவும் ட்ராப்சியா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: செதில் படிந்திருந்து, வாலடிப் பக்கம் கருப்புப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தால் அது சினை, தம்பி. கடையில் ஆண்களோடு இருந்திருக்கும். விந்தைச் சேமித்துவைத்துப் பல மாதம் கழித்தும் குட்டி போடும். சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு ஈற்று. தாயே குட்டிகளைத் தின்றுவிடும், இன்றே கொஞ்சம் பாசிச் செடி வாங்கிப் போட்டுவிடுங்கள்.