வெறும் ஃபிரேமிலிருந்து ரோடு சைக்கிள்: இனி செலவாகப் போவதை மட்டும் கணக்கிடுங்கள்

கேள்வி: தள்ளுபடி விலையில் ஒரு கார்பன் ஃபிரேமை ஃபோர்க்குடன் வாங்கிவிட்டேன், டிஸ்க் பிரேக்குக்கானது. அதன் விலையை 100 என்று வைத்துக்கொண்டால், மின்சாரத்தில் கியர் மாறும் ஷிமானோ அல்டெக்ரா குரூப்செட்டுக்கு (கியர், பிரேக், செயின், பெடல் மாட்டும் கிராங்க் ஆகியவை அடங்கிய தொகுப்பு) 110, கார்பன் சக்கரங்களுக்கு 80, ஹேண்டில்பார், அதை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம், சீட் போஸ்ட், சீட் ஆகியவற்றுக்கு 28, டயர்களுக்கு 12 என இன்னும் 230 தேவைப்படுகிறது. அதே குரூப்செட்டுடன் முழுமையாக விற்கப்படும் சைக்கிளின் விலை 340. ஆகவே நானே பாகங்களைச் சேர்த்துப் பூட்டினால் 10 மிச்சமாகும் என்று நினைக்கிறேன். இதற்கென்று என்னிடம் 200 இருக்கிறது. மாதம் 15 ஒதுக்க முடியும். பற்றாக்குறையைக் கிரெடிட் கார்டு தவணையில் சமாளிக்கலாமா, அல்லது அவசரத் தேவைக்கான வைப்புத்தொகையிலிருந்து எடுக்கலாமா? ரிம் பிரேக் உள்ள பழைய சைக்கிள் ஒன்றும் இருக்கிறது. அதன் பாகங்கள் உதவுமா?

பதில்: விலைகளை ஃபிரேமின் மடங்காக எழுதியனுப்பியது நல்ல முறை, நானும் அதே அலகில் பதில் சொல்கிறேன். உங்கள் கணக்கில் இரண்டு இடங்களைத் திருத்த வேண்டும். ஒன்று, பட்டியல் முழுமையாக இல்லை. மற்றொன்று, ஃபிரேமுக்குக் கொடுத்த 100 ஏற்கெனவே செலவாகிவிட்டது. இன்றைய முடிவில் அந்தத் தொகைக்கு இடமில்லை. இன்று அதை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்குத்தான் இடம் உண்டு.

முதலில் பட்டியலைப் பார்ப்போம். குரூப்செட் என்ற பெயரில் விற்கப்படும் பல தொகுப்புகளில் கிராங்கைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டும் பிரேக் டிஸ்க்குகளும் சேர்வதில்லை. ஃபோர்க் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்குகளும் சக்கர அச்சுகளும் ஃபிரேமோடு வந்தனவா என்று பெட்டியைத் திறந்து பாருங்கள். வராவிட்டால் அவையும் தனிச் செலவு. டியூப் இல்லாத டயர் என்றால் ரிம் டேப், வால்வு, அடைப்புத் திரவம் ஆகியவை வேண்டும். ஹேண்டில்பாருக்குச் சுற்றும் டேப் வேண்டும். இவற்றுக்கு உத்தேசமாக 20, பூட்டும் கூலிக்கு 15, பார்சல் கட்டணத்துக்கும் சில்லறைப் பாகங்களுக்கும் 10 என்று வைத்தால் 45 கூடுகிறது. பெடலை நான் சேர்க்கவில்லை. நல்ல தரத்தில் முழுமையாக விற்கப்படும் சைக்கிள்களும் பெரும்பாலும் பெடல் இல்லாமலே வருவதால் அந்தச் செலவு இரு பக்கமும் ஒன்றே.

கூலிக்கு 15 என்பது அதிகமாகத் தோன்றலாம். உங்கள் ஃபிரேமில் பிரேக்கின் எண்ணெய்க் குழாய்கள் உள்ளே ஓடுகின்றன. அவற்றை நுழைத்து, அளவுக்கு வெட்டி, திரவம் நிரப்பி, காற்றை வெளியேற்றுவது நேரம் பிடிக்கும் வேலை. அதை நீங்களே செய்வதானால் கூலி மிச்சமாகும், ஆனால் திருகை உரிய அளவுக்கே முடுக்க உதவும் டார்க் ரெஞ்ச், திரவம் ஏற்றும் கருவி, பேரிங் அழுத்தும் கருவி ஆகியவற்றை வாங்க நேரும். ஒரே ஒரு சைக்கிளுக்காக இத்தனை கருவிகளையும் வாங்கினால் கூலியைவிடக் குறைவாகச் செலவாவது அரிது. கருவிகள் ஏற்கெனவே கையில் இருப்பவருக்கும், தொடர்ந்து தம் சைக்கிளைத் தாமே பராமரிப்பவருக்கும் மட்டுமே அது லாபம்.

ஆக இனி செலவாகப் போவது 275. மறுபக்கம், பிரிக்காத நிலையில் உங்கள் ஃபிரேம் இன்று 80க்கு விலைபோகும் என்று கொண்டால், 340 விலையுள்ள முழுச் சைக்கிளுக்கு நீங்கள் கையிலிருந்து தர வேண்டியது 260. நீங்கள் எதிர்பார்த்த 10 மிச்சம், 15 கூடுதல் செலவாக மாறிவிட்டது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சைக்கிள் தயாரிப்பாளர்கள் குரூப்செட்டுகளை ஆயிரக்கணக்கில் மொத்த விலையில் வாங்குகிறார்கள். நீங்கள் ஒவ்வொரு பாகத்தையும் சில்லறை விலையில் வாங்குகிறீர்கள். ஆனால் முழுச் சைக்கிளின் விலையை அப்படியே ஒப்பிடுவதும் சரியன்று. தயாரிப்பாளர்கள் சிக்கனம் பிடிப்பது பெரும்பாலும் சக்கரங்கள், டயர்கள், செயின் போன்றவற்றில். அந்த 340 சைக்கிளில் நீங்கள் பட்டியலிட்ட அதே தரத்துச் சக்கரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் 15 என்ற வேறுபாடு அதிலேயே நேராகிவிடும். ஸ்டெம்மின் நீளம், ஹேண்டில்பாரின் அகலம், கிராங்கின் நீளம் ஆகியவற்றை உங்கள் உடலுக்கு ஏற்றபடி முதலிலேயே தேர்ந்தெடுப்பதற்கும் மதிப்பு உண்டு. கடைச் சைக்கிளில் அவற்றைப் பின்னர் மாற்றினால் அதற்குத் தனியாகச் செலவாகும்.

ஆகவே, பணம் மிச்சமாகும் என்ற காரணத்துக்காக மட்டும் இதில் இறங்குவதானால், வேண்டாம். விரும்பிய பாகங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பதே உங்கள் ஆசை என்றால் அதற்கு 15 கொடுப்பதில் தவறில்லை. இரண்டில் எது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவரை ஃபோர்க்கின் மேல்தண்டை வெட்டவே கூடாது. வெட்டாத தண்டை வாங்குபவர் தமக்கு ஏற்ற உயரத்தில் வெட்டிக்கொள்ளலாம்; வெட்டியபின் வாங்க வருபவர்கள் குறைவார்கள், நான் சொன்ன 80 கிடைக்காது.

அடுத்த கவனம் பாட்டம் பிராக்கெட். கிராங்க் சுழலும் இந்தச் சிறு பாகம் மொத்தச் செலவில் மிகச் சிறிய பங்கு. ஆனால் தவறான வகையை வாங்கிப் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். ஃபிரேமின் அடியில் உள்ள குழலில் திருகு மறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறை இருந்து அகலம் 68 மில்லிமீட்டர் என்றால் அது அநேகமாக பிஎஸ்ஏ வகை. விலை குறைவு, கழற்றி மாட்டுவது எளிது. மறை இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பேரிங்கை அழுத்திப் பொருத்தும் வகை. அதிலும் உள்விட்டம் 41 மில்லிமீட்டர் என்றால் பிபி86, 46 மில்லிமீட்டர் என்றால் பிஎஃப்30 என்று பிரிவுகள் உண்டு. கிராங்கின் அச்சும் பொருந்த வேண்டும். ஷிமானோவின் ரோடு கிராங்குகளில் அது 24 மில்லிமீட்டர், ஸ்ராம் நிறுவனத்தின் டப் வகையில் 28.99 மில்லிமீட்டர். அழுத்திப் பொருத்திய பேரிங்கைக் கழற்றும்போது அது பெரும்பாலும் பழுதாகிவிடும். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அளவெடுத்து, எழுதி வைத்து, பிறகே வாங்குங்கள்.

பழைய சைக்கிளின் சக்கரங்கள் உதவா. அவற்றில் டிஸ்க் பூட்ட இடமில்லை. பின் ஹப்பின் அகலமும் ரிம் பிரேக் ரோடு சைக்கிள்களில் வழக்கமாக 130 மில்லிமீட்டர், உங்கள் புதிய ஃபிரேம் கேட்பது 142. சீட்டையும், நடுப்பகுதி 31.8 மில்லிமீட்டர் விட்டமுள்ளது என்றால் ஹேண்டில்பாரையும் எடுத்துக்கொள்ளலாம், 12 மிச்சமாகும்.

இனி பற்றாக்குறை. 275 தேவை, 200 கையிருப்பு, குறைவது 75. வருடத்துக்கு 18 விழுக்காடு வட்டியில் 12 மாதத் தவணை என்று கொண்டால் வட்டி மட்டும் ஏறத்தாழ 7.5 ஆகும், செயலாக்கக் கட்டணம் தனி. அந்தத் தொகை உங்களை முடக்கிவிடாது. என் கவலை வேறு. தவணை என்ற வழி திறந்திருக்கும்போது ஒவ்வொரு பாகத்திலும் ஒரு படி உயர்ந்ததை வாங்கத் தோன்றும், 75 என்பது 75ஆகவே நிற்காது. மாதம் 15 வீதம் ஐந்து மாதம் பொறுத்தால் கடனே வேண்டாம். பெட்டியில் இருக்கும் ஃபிரேம் அதற்குள் கெட்டுவிடாது. அவசரத் தேவைக்கான வைப்புத்தொகையைத் தொடவே வேண்டாம். வேலை இழப்புக்கும் மருத்துவச் செலவுக்கும் நீங்கள் ஒதுக்கிய பணம் அது. அவை வரும் நாளில் சைக்கிளைப் பாதி விலைக்கு விற்க நேரும்.

பொறுக்க முடியாது என்றால் பட்டியலைக் குறையுங்கள். முதலில் சக்கரங்கள். 80 விலையுள்ள கார்பன் சக்கரங்களுக்குப் பதில் 35க்கு அலுமினியச் சக்கரங்கள் வாங்கலாம். பின்னர் மாற்ற எல்லாவற்றிலும் எளிதான பாகம் அதுவே, பழையதும் மாற்றுச் சக்கரமாக உதவும். குரூப்செட்டில் ஒரு படி இறங்கி, ஷிமானோவின் ‘105’ என்ற பெயருள்ள குரூப்செட்டின் மின்சார வகையை வாங்கினால் 80 ஆகும் என்று கொள்வோம். இரண்டிலுமே மின்சார கியர் மாற்றமும் பின்சக்கரத்தில் 12 பற்சக்கரங்களும் உண்டு. வேறுபாடு பெரும்பாலும் எடையில்தான். இந்த இரு மாற்றங்களோடு பழைய சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்தால் 188இல் முடிகிறது. ஒரு மாதம் மட்டும் காத்திருந்தால் 27 கையில் நிற்கும். எதிர்பாராத செலவுக்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வைப்பது என் வழக்கம், அதற்கு இது தாராளம்.

தள்ளுபடி வரும்போதெல்லாம் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கலாமே என்றும் தோன்றும். பாகங்களின் உத்தரவாதக் காலம் பொதுவாக வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்குகிறது; பூட்டி ஓட்டும்வரை குறை வெளியே தெரியாது. பெட்டியிலேயே ஒரு வருடம் கிடந்த பிரேக்கில் எண்ணெய் கசிந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்திருக்கலாம். பணம் முழுவதும் சேர்ந்தபின், பூட்டித் தரும் மெக்கானிக்கிடம் பட்டியலைக் காட்டி, பொருத்தத்தைச் சரிபார்த்து, கூலியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, எல்லாப் பாகங்களையும் சில வாரங்களுக்குள் வாங்கி முடித்துவிடுங்கள்.