மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் உள்ள என் மாடி வீட்டில் மூன்று அறைகள்: 12க்கு 14, 10க்கு 12, 9க்கு 10 அடி. குளியலறையும் கழிப்பறையும் இரண்டிரண்டு. அதை 20 வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு விடுதியாகக் கேட்கிறார் ஒரு ஏஜெண்ட். கொடுக்கலாமா? உள்ளே இருப்பவர்களுக்கு என்ன பாதுகாப்பு?

20 பேருக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் அளவுப்படி அந்த வீடு 9 பேரைத்தான் தாங்கும்.

கணக்கு இதுதான். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, அடுக்குமாடி வீடு போன்றவற்றில் ஆளுக்குக் குறைந்தது 3.6 சதுர மீட்டர் படுக்கையிடம் வேண்டும். ஏறக்குறைய 39 சதுர அடி. உங்கள் பெரிய அறை 12க்கு 14, அதாவது 168 சதுர அடி: 4 பேர். நடு அறை 10க்கு 12: 3 பேர். சின்ன அறை 9க்கு 10: 2 பேர். 6 பேருக்கு ஒரு குளியலறை, ஒரு கழிப்பறை என்பது விதி. உங்களிடம் இரண்டிரண்டு இருப்பதால் அந்தப் பக்கம் இடிக்காது. ஏஜெண்டின் 20 எங்கிருந்து வந்தது என்றால், ஹாலிலும் கட்டில், எல்லா அறையிலும் இரட்டைக் கட்டில். இரட்டைக் கட்டில் போடலாம், தடை இல்லை. ஆனால் அளப்பது தரையைத்தான், மெத்தையை அல்ல. ஒன்றின்மேல் ஒன்றாக எத்தனை அடுக்கினாலும் எண்ணிக்கை ஏறாது. ஹால் சாப்பிடவும் உட்காரவும் உள்ள இடம், அங்கே படுக்கை போடக்கூடாது. பெரிய கூடமாகக் கட்டிய அசல் விடுதி என்றால் அளவு வேறு: ஆளுக்கு 3 சதுர மீட்டர், 15 பேருக்கு ஒரு கழிப்பறை. சில ஏஜெண்டுகள் அந்த அளவைச் சொல்லித்தான் தாமான் வீட்டுக்காரர்களைக் குழப்புகிறார்கள்.

இதையெல்லாம் சொல்வது 446 சட்டம், அதாவது தொழிலாளர் தங்குமிடத்துக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம். 1990இல் வந்தபோது அது பெரும்பாலும் தோட்டத்துச் சட்டம்: லயத்து வீடு, குடிதண்ணீர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை. 2019இல் திருத்தி, 2020 ஜூன் 1 முதல் மற்றத் துறைகளுக்கும் விரித்துவிட்டார்கள். ஆகவே கூலிம் ஹைடெக் தொழிற்சாலைக்குப் போகும் ஆள் உங்கள் வீட்டில் முதலாளியின் ஏற்பாட்டில் படுத்தால், அந்த வீடும் சட்டத்துக்குள் வந்துவிடும். தொழிலாளர் இலாகாவின் தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் ஆளை ஏற்றினால் முதலாளிக்கு 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம்.

அந்தச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டியவர் முதலாளி. அதனால் வாடகை ஒப்பந்தத்தைத் தொழிற்சாலையின் பெயரிலேயே எழுதுங்கள். ஏஜெண்ட் தன் பெயரில் எடுத்து உள்வாடகைக்கு விட்டால், எந்தக் கம்பெனி ஆட்கள், எத்தனை பேர், யாரிடம் பெர்மிட் இருக்கிறது என்பது எதுவும் உங்களுக்குத் தெரியாது. பெர்மிட் இல்லாதவர்களைத் தங்க அனுமதித்தவருக்குக் குடிநுழைவுச் சட்டத்தில் ஓர் ஆளுக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. மாத வாடகையில் கூடுதலாகக் கிடைக்கும் சில நூறு வெள்ளிக்கு இது பெறாது என்பது என் கருத்து.

கையெழுத்துப் போடும் முன் நகராண்மைக் கழகத்தில் கேளுங்கள். குடியிருப்புத் தாமானில் விடுதி போட எல்லா இடத்திலும் அனுமதி கிடைப்பதில்லை. கடைவீட்டு மாடி என்றால் நிலப் பயன்பாட்டையே மாற்ற அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

அறைக்குள் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டக்கூடிய அலமாரி வேண்டும். அலமாரியை அற்பமாக நினைக்காதீர்கள். பூட்டு இல்லாத இடத்தில்தான் 'பத்திரமாக வைக்கிறேன்' என்று கடப்பிதழை மேற்பார்வையாளர் வாங்கிக்கொள்கிறார். அடுத்தவர் கடப்பிதழைச் சட்டப்படி அதிகாரம் இல்லாமல் வைத்திருப்பது 1966 கடப்பிதழ் சட்டத்தில் குற்றம். தங்குமிடத்துக்காகச் சம்பளத்தில் மாதம் 100 வெள்ளிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதைப் பிடிக்கவும் இலாகாவின் அனுமதி வேண்டும். சம்பளச் சீட்டில் அதற்கு மேல் கழிந்திருந்தால், சீட்டைப் படமெடுத்துக்கொண்டு அருகிலுள்ள தொழிலாளர் இலாகாவுக்குப் போகச் சொல்லுங்கள்.

ஆபத்து வருவது பெரும்பாலும் மின்சாரத்தில். ஒரு 13 ஆம்பியர் சுவர்ப் பிளக் ஏறக்குறைய 3,000 வாட் தாங்கும். கெட்டில் 2,000, ரைஸ் குக்கர் 700. அதே எக்ஸ்டென்ஷனில் இன்னொருவர் இண்டக்‌ஷன் அடுப்பைச் செருகினால் வயர் சூடேறி உருகலாம். ஷிப்டு முடிந்து எல்லாரும் ஒரே நேரத்தில் சமைப்பதால் இது தினமும் நடக்கக்கூடியது. சமையலைக் கீழே அடுப்பங்கரையோடு நிறுத்துங்கள், 14 கிலோ கேஸ் தோம்பு அறைக்குள் போகவே கூடாது. வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தனியாக இருக்கட்டும். திருட்டுப் பயத்தில் ஜன்னல் கிரில்லுக்கும் வாசல் கிரில்லுக்கும் பூட்டுப் போட்டுச் சாவியை ஒருவரே வைத்திருப்பது நம் பக்கத்தில் வழக்கம். இரவில் தீப்பிடித்தால் அந்தச் சாவிக்காரர் ஷிப்டில் இருப்பார். பூட்டியே ஆக வேண்டும் என்றால் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாளாக மாற்றுங்கள். பிளைவுட் தடுப்பு அடித்து ஜன்னல் இல்லாத அறை உண்டாக்காதீர்கள்.

முதலாளியின் ஏற்பாடு இல்லாமல் தாங்களாக அறை எடுத்துத் தங்கும் தாதி, மாணவர், உள்ளூர்த் தொழிலாளி ஆகியோருக்கு 446 பொருந்தாது. அவர்களைக் காப்பது 1950 குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு: வாடகைக் காலம் முடிந்த பிறகும் ஆள் வெளியேறாவிட்டால், வீட்டுக்காரர் நீதிமன்றம் வழியாகத்தான் வீட்டை மீட்க வேண்டும். பூட்டை மாற்றுவது, சாமானைத் தூக்கி வெளியே வைப்பது எல்லாம் அவர் கைக்கு உரியவை அல்ல. வாடகைப் பாக்கிக்காகச் சாமானைப் பிடிக்கவும் 1951 ஜப்திச் சட்டப்படி நீதிமன்ற வாரண்ட் வேண்டும்.

டெபாசிட் திரும்பாவிட்டால் பலர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு ஓடுகிறார்கள். நிலம், கட்டட உரிமை சம்பந்தமான வழக்கு அதன் வரம்புக்கு வெளியே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 5,000 வெள்ளிக்குள் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காக 198ஆம் பாரத்தை நிரப்பிப் போடலாம், வக்கீல் வேண்டாம். ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். கட்டாத தாளை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. மாதம் 1,200 வெள்ளி, ஓராண்டு ஒப்பந்தம் என்றால் 58 வெள்ளிதான் வரும். முதல் 2,400 வெள்ளிக்கு இருந்த விலக்கு 2025 முதல் இல்லை. குடிபுகும் நாளில் மின் மீட்டர், தண்ணீர் மீட்டர் இரண்டையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் இரு தரப்பும் அனுப்பிக்கொள்ளுங்கள். டெபாசிட் சண்டை பெரும்பாலும் பில்லில்தான் தொடங்குகிறது.