கொயரில் ஆல்டோ பாடும் பிள்ளைக்கு வயோலா

அக்கா, போன சனிக்கிழமை நாகர்கோவிலில் சர்ச் ஹாலில் கன்சர்வேட்டரி (மேற்கத்திய இசைப் பள்ளி) பிள்ளைகள் நாலு பேர் வாசித்து முடித்ததும், வயலின் பழகும் உங்கள் பிள்ளையை நினைத்து, "வயலின் படிச்சா சோறு கிடைக்குமா தம்பி?" என்று கேட்டீர்கள். அந்தக் கூட்டத்தில் நின்று சொல்கிற பதில் இல்லை அது. கிடைக்கும், ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல.

நீங்கள் முழு நேரமும் முதல் வயலின் வாசித்த பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் நாலு பேரையும் பார்த்தேன். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ, இதுதான் ஸ்ட்ரிங் குவார்டெட். முன்னால் நின்று கை காட்டி நடத்த கண்டக்டர் கிடையாது. ஒருத்தி மூச்சு இழுப்பதைப் பார்த்து மற்ற மூவரும் தொடங்க வேண்டும், அவள் வேகத்தைக் குறைத்தால் அதே நொடியில் எல்லோரும் குறைக்க வேண்டும், யாருடைய பார்ட் மேலே வரவேண்டும் யார் அடங்கி வாசிக்க வேண்டும் என்பதையும் ரிகர்சலில் அவர்களே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். பின்னாளில் சம்பளம் தருவது இந்தப் பழக்கம்தான். சென்னையில் ரெக்கார்டிங்குக்குப் போகிறவர் கையில் நோட்ஸைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரத்தில் டேக், அதாவது பதிவுக்கே போய்விடுவார்கள், பக்கத்தில் இருப்பவரின் வில்லோடு சேர்ந்து வாசிக்கத் தெரியாதவரை மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

சரி, உங்கள் பிள்ளை. ஆறு வருஷமாகக் கொயரில் ஆல்டோ (பெண் குரல்களில் தாழ்ந்த பார்ட்) பாடுகிறாள் என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் பட்டது. நம் மாவட்டத்துச் சர்ச் பிள்ளைகளுக்கு நாலு பார்ட்டும் சேர்ந்து ஒலிப்பது சின்ன வயசிலேயே காதில் ஏறிவிடுகிறது, அதிலும் ஆல்டோ என்றால் மெட்டு வேறொருத்தரிடம் இருக்கும்போது நடுவில் நின்று தன் ஸ்வரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். குவார்டெட்டில் அந்த இடம் வயோலாவுக்கு. வயலினை விடக் கொஞ்சம் பெரிசு, தந்திகள் சி, ஜி, டி, ஏ, நோட்ஸும் ஆல்டோ கிளெஃப் என்ற வேறு குறியீட்டில் இருக்கும். வயலின் கை உள்ளவள் பொறுமையாகப் பழகினால் பிடித்துவிடலாம். வயலின் வாசிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள், நல்ல வயோலாக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம். மாஸ்டரிடம் இதை ஒரு தடவை கேளுங்கள்.

பிளஸ் டூ முடிக்காமல் எங்கேயும் போக வேண்டாம். இந்த இரண்டு வருஷத்தில் டிரினிட்டி (லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்வு) கிரேடுகளை மேலே கொண்டுபோகட்டும். மொத்தம் 8 கிரேடு, நூற்றுக்குப் பாஸுக்கு 60, டிஸ்டிங்ஷனுக்கு 87. மார்க்கை விட சைட் ரீடிங், அதாவது முன்னே பார்க்காத நோட்ஸைப் பார்த்தவுடன் வாசிப்பது, முக்கியம் என்பேன். திருவனந்தபுரம் பக்கம்தானே, சுவாதித் திருநாள் கல்லூரியில் சேர்க்கலாமா என்று அத்தான் குவைத்திலிருந்து கேட்டாராம். நல்ல கல்லூரி, 1939-இல் தொடங்கியது, ஆனால் அங்கே கர்நாடக இசை. வயலினைப் பிடிப்பதும் சுருதி கூட்டுவதும் வேறு. இவள் பழகியதற்குச் சென்னையில் ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாதிரி இடங்களைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கே சேர்த்தாலும் பணம் கட்டும் முன் நேரில் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை நிமிஷம் தனி வகுப்பு, சேம்பர் குழு (குவார்டெட் மாதிரிச் சின்னக் குழு) உண்டா, தருவது பட்டமா டிப்ளமாவா, பட்டம் என்றால் எந்தப் பல்கலைக்கழகம். நான் அனுப்பிய ஒரு பையன் ஒரு இடத்தில் முழு வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு, தனி வகுப்பே இல்லாமல் திரும்பி வந்தான். அவன் அப்பா முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கேட்காமல் அனுப்பியது என் தப்பு. டிப்ளமாவை வைத்துப் பட்டதாரிகளுக்கான டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் எழுத முடியாது, அதையும் யோசியுங்கள்.

வருமானம் ஒரே இடத்திலிருந்து மாசம் பிறந்தால் வராது. ஸ்கூலில் பாடம், வீட்டில் டியூஷன், ரெக்கார்டிங், கல்யாண ரிசப்ஷன் என்று சேர்த்துத்தான் வரும், முதல் மூன்று நாலு வருஷம் இழுபறியாகவும் இருக்கும். நர்சிங் அப்ளிகேஷனையும் போட்டு வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் கொயரிலேயே இன்னும் மூன்று பிள்ளைகளைச் சேர்த்துக் கிறிஸ்மஸுக்குள் ஒரு சின்னக் குவார்டெட் வாசிக்கச் சொல்லுங்கள். ரிகர்சலுக்கு ஒரு நாள் என்னையும் கூப்பிடுங்கள், அவள் மற்றவர்களை எப்படிக் கேட்கிறாள் என்று பார்த்துவிட்டு மீதியைப் பேசுவோம்.